டர்னரின் நீர்வண்ணங்களைப் புத்தகத்தில் பார்ப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் ஆங்கில ஓவியர் டர்னரின் நீர்வண்ண ஓவியங்கள் 38 ஒரே தொகுப்பாக இருக்கின்றன. ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் உயில் எழுதி வைத்து, 1900ல் அங்கே போய்ச் சேர்ந்தவை. கூடவே அவர் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். ஜனவரி மாதம் மட்டும்தான் அவற்றை மாட்ட வேண்டும், பார்க்கக் காசு வாங்கக் கூடாது. ஜனவரியில் அந்த ஊரில் வெயில் மிகக் குறைவு; நீர்வண்ணத்துக்கு வெளிச்சம் ஆகாது. மீதி மாதமெல்லாம் படங்கள் இருட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஒரு பழைய மனக்குறை தீர்ந்தது. லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் போக முடியாதவன், புத்தகத்தில் பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொள்கிறவன் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். எடின்பரோவில் பிறந்து வளர்ந்தவரும் பிப்ரவரி பிறந்துவிட்டால் புத்தகத்தைத்தான் புரட்டியாக வேண்டும். சரி, அப்படியானால் புத்தகத்தில் பார்ப்பதை ஒரு முறையோடு, சிரத்தையோடு செய்யலாமே என்று தோன்றியது. அதில் எனக்குப் பிடிபட்டவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேப்பில் ஷேடு பார்க்கும் வேலை செய்கிறவன். பையர் அனுப்பும் துண்டுத் துணியையும் நாங்கள் சாயம் போட்டுப் பார்த்த மாதிரித் துணியையும் (லேப் டிப்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது ரெட்டிஷாக இருக்கிறது, அது கொஞ்சம் டல் என்று சொல்வதுதான் தினமும் என் வேலை. ஓவியம் படித்தவன் இல்லை. ஆனால் கலைப் புத்தகம் பார்ப்பதற்கு இந்த ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே பாதிப் பயிற்சி இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். புத்தகத்தில் நாம் பார்ப்பது டர்னரை மட்டும் இல்லை. டர்னருக்கும் நமக்கும் நடுவே ஒரு அச்சகம் உட்கார்ந்திருக்கிறது. அச்சகம் சேர்த்ததையும் விட்டதையும் கழித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மனுஷன் பக்கத்தில் வந்துவிடுவார்.

முதலில் ஒரே ஓவியர்

"உலகின் 100 சிறந்த ஓவியங்கள்" மாதிரியான தொகுப்புகளில் தொடங்காதீர்கள். ஆளுக்கு ஒரு படம் பார்த்தால் யாரும் மனதில் நிற்க மாட்டார்கள். ஒருவரை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் அவரோடு இருங்கள். நீர்வண்ணம், நிலக்காட்சி என்றால் என் கை டர்னரிடம்தான் போகும்.

ஜோசப் மல்லார்டு வில்லியம் டர்னர் 1775ல் லண்டனில் பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர், விக் செய்பவர். பையன் 14 வயதில் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தான். 15 வயதில், 1790ல், அவனுடைய நீர்வண்ணப் படம் ஒன்று அகாடமி கண்காட்சியில் தொங்கியது. கட்டடங்களை அளவெடுத்து வரைவதுதான் ஆரம்பப் பயிற்சி. அதனால் முதல் 10 வருடப் படங்களில் ஒவ்வொரு கல்லும் கச்சிதமாக இருக்கும். பிறகு 1802ல் ஆல்ப்ஸ், 1819ல் வெனிஸ் என்று போய் வரப்போய், கல் கரைந்து வெளிச்சம் மிஞ்சியது. 1851ல் இறந்தார். அவர் விட்டுச்சென்று அந்த நாட்டுக்குச் சேர்ந்தவை மட்டும் 300 எண்ணெய் ஓவியங்களுக்கு அருகில், தாளில் செய்தவை ஏறத்தாழ 30,000. பெரும்பகுதி லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 30,000 என்றதும் மலைக்க வேண்டாம், நமக்கு ஒரு வருடத்துக்கு 20 படம் போதும்.

புத்தகம் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்

கோவையில் ஜூலையில் கொடிசியாவில் நடக்கும் புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா, அப்புறம் உக்கடம் பழைய புத்தகக் கடைகள். நம் பக்கத்தில் கலைப் புத்தகம் கையில் எடுத்துப் பார்த்து வாங்க இவைதான் நல்ல இடங்கள். உக்கடத்தில் "ஏனுங்க, பெயின்டிங் புஸ்தகம் எதாச்சும் வந்துதுங்களா?" என்று கேட்டால் சில நாள் கோலப் புத்தகம் கிடைக்கும், சில நாள் புதையல் கிடைக்கும். என்னிடம் இருக்கும் பழைய டர்னர் புத்தகம் அங்கே நோட்ஸ் அடுக்குக்கு அடியில் கிடந்தது. பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளைதான். நடுநடுவே வண்ணப் படங்களைத் தனியாக அச்சடித்து, மேல் ஓரத்தில் மட்டும் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டுப் படங்கள் இன்றைய பளபளப்பான அச்சைவிடப் பல சமயம் நிதானமாக இருக்கின்றன.

கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது படத்தை இல்லை, படத்துக்குக் கீழே உள்ள எழுத்தை. ஆண்டு, எதில் வரைந்தது, சென்டிமீட்டரில் அளவு, இப்போது எங்கே இருக்கிறது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். அளவு போடாத புத்தகத்தைத் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடுவேன். காரணம் கொஞ்சம் கீழே வரும்.

அடுத்து, தாளின் ஓரம். நல்ல பதிப்பாளர் நீர்வண்ணத்தை அச்சிடும்போது மூலத் தாளின் ஓரம் தெரிகிற மாதிரி விடுவார். பிசிறு, பழுப்பு, பென்சில் கோடு எல்லாம் தெரியும். மற்றவர்கள் பக்கத்துக்கு அடங்குகிற மாதிரி நான்கு பக்கமும் வெட்டிவிடுவார்கள். டர்னர் மாதிரி ஓரத்தில் ஒரு சின்னப் படகை வைத்துக் காற்றைச் சமன் செய்கிறவருக்கு இது பெரிய இழப்பு. இரண்டு பக்கத்துக்கு விரிந்த படங்களில் நடு மடிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். பல சமயம் சூரியன் மேலேயே விழுந்திருக்கும். பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் விளக்கு கண்ணாடியில் தெரிவது போலத் தெரிகிறதா? அந்தப் பளபளப்புத் தாள் நீர்வண்ணத்துக்குச் சரிப்படாது, மங்கலான மேட் தாள்தான் வேண்டும். பழைய புத்தகமாக இருந்தால் முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாசம் வந்தால் வீட்டில் உள்ள மற்ற புத்தகங்களுக்கும் பரவும்.

எங்கே உட்கார்ந்து பார்ப்பது

எங்கள் லேப்பில் ஷேடு பார்க்க ஒரு லைட் பாக்ஸ் உண்டு. உள்ளே சாம்பல் நிறச் சுவர், மேலே மாற்றி மாற்றிப் போட விளக்குகள். டி65 என்பது பகல் வெளிச்சம், டிஎல்84 என்பது கடை வெளிச்சம். பகல் விளக்கில் ஒன்றாக இருக்கும் இரண்டு துணிகள் கடை விளக்கில் வேறு வேறாகப் பிரிந்து நிற்பதை இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் பார்த்திருப்பார்கள். புத்தகத்துக்கும் இதுதான் கதை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, வீட்டு மஞ்சள் பல்புக்குக் கீழே டர்னரைத் திறந்தால் அவருடைய நீலமெல்லாம் சாம்பலாகிவிடும்.

காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், வடக்குப் பார்த்த ஜன்னல் அல்லது திண்ணை, நேர் வெயில் படாத இடம். இதைவிட நல்ல ஏற்பாடு எந்தக் கடையிலும் கிடைக்காது. சுவர் பச்சையோ ரோஸ் கலரோ அடித்திருந்தால் அந்த நிறம் பக்கத்தின் மேல் அடிக்கும். சிமென்ட் பூச்சுச் சுவர் பக்கமாக நகர்ந்துகொள்ளுங்கள். புத்தகத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்குள் வெள்ளையாகத் தெரியும் இடம் உண்மையில் எவ்வளவு வெள்ளை என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். கண் தானாகச் சொல்லாது, அது எதையும் சீக்கிரம் வெள்ளை என்று ஒத்துக்கொண்டுவிடும்.

அளவை வெட்டிக்கொள்ளுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்தால்கூட நீங்கள் புத்தகம் பார்க்கும் விதம் மாறிவிடும்.

டர்னர் 1842ல் வரைந்த 'நீல ரிகி' என்ற நீர்வண்ணத்தின் அளவு 29.7 × 45 செ.மீ. ஜெராக்ஸ் கடையில் ஒரு ஏ3 தாள் வாங்குங்கள். அதன் உயரம் சரியாக 29.7, நீளம் 42. இன்னும் மூன்று செ.மீ. ஒட்டிக்கொண்டால் ஸ்விட்சர்லாந்தின் ரிகி மலை, லூசர்ன் ஏரி, விடியல் வானம் எல்லாம் அடங்கிய முழுப் படத்தின் அளவு உங்கள் கையில் இருக்கும். அவ்வளவுதான் படம்! மடியில் வைத்து வரையக்கூடிய தாள். புத்தகத்தில் அது ஏறக்குறைய நிஜ அளவிலேயே வரலாம், ஆகவே நீங்கள் இழப்பது கொஞ்சம்தான்.

இப்போது 1812ல் அவர் காட்சிக்கு வைத்த எண்ணெய் ஓவியத்தை எடுங்கள்: பழங்காலத் தளபதி ஹன்னிபால் யானைப் படையோடு ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும்போது அடிக்கும் பனிப்புயல். அளவு 146 × 237.5 செ.மீ. சாக்பீஸ் எடுத்து மொட்டைமாடிச் சுவரில் கோடு போடுங்கள்; கிட்டத்தட்ட 8 அடி அகலம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம். பவானி ஜமுக்காளத்தைச் சுவரில் விரித்து அடித்தது போல இருக்கும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். புயல் உங்கள் தலைக்கு மேல் சுழல வேண்டிய படம் அது. புத்தகத்தில் ஒரு சாண் அகலத்தில் இருக்கும்போது கறுப்பு மேகம் மாதிரி எதுவோ தெரியும், பக்கத்தைத் திருப்பிவிடுவோம். தப்பு நம்முடையது இல்லை, அளவுடையது.

அந்தப் படத்தில் ஒரு யானை இருக்கிறது. ஹன்னிபாலின் யானை, தூரத்தில், அடிவானத்தை ஒட்டி, எறும்பு அளவுக்கு. தடாகம், மருதமலைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மலை அடிவாரத்தில் அசையும் ஒரு சாம்பல் புள்ளி பாறையா யானையா என்று பிரித்துப் பார்க்கிற கண் உண்டு. அந்தக் கண்ணோடு தேடுங்கள். புயலை இத்தனை பெரிதாகப் போட்டு, உலகத்தின் பெரிய மிருகத்தை இத்தனை சிறிதாக அவர் ஏன் வைத்தார் என்பது யானையைக் கண்டுபிடித்த அந்த நொடியில் தானாகப் புரியும். இந்தப் புயலும் ஆல்ப்ஸ் புயல் இல்லை. யார்க்ஷயரில் நண்பர் வால்டர் ஃபாக்ஸ் வீட்டில் தங்கியிருந்தபோது அடித்த இடிமழையை ஒரு கடிதத்தின் பின்புறத்தில் குறித்துக்கொண்டு, "இரண்டு வருஷத்தில் இதை மறுபடி பார்ப்பாய்" என்கிற மாதிரி அந்த வீட்டுப் பையனிடம் சொன்னாராம். பிற்காலத்தில் அந்தப் பையனே நினைவுகூர்ந்தது.

1844ல் வந்த 'மழை, நீராவி, வேகம்' படத்திலும் ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு முயல் ஓடுகிறது. பெரும்பாலான புத்தகங்களில் அது தெரியவே தெரியாது. தெரிந்தால் அச்சகத்துக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

வெள்ளை எங்கே இருக்கிறது

நீர்வண்ணத்துக்குள் நுழைய ஒரே ஒரு கேள்விதான் தேவை: இந்தப் படத்தில் வெள்ளை எங்கிருந்து வந்தது?

எண்ணெய் ஓவியத்தில் வெளிச்சத்தை மேலே பூசுவார்கள். நீர்வண்ணத்தில், பெரும்பாலும், வெளிச்சம் என்பது அடியில் இருக்கும் தாள்தான். நிறத்தை மெல்லிசாகக் கரைத்து வாஷ் கொடுத்தால் வெளிச்சம் நிறத்தின் வழியே போய்த் தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. ஆகவே வெள்ளை வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வரைய வேண்டும், இல்லை, போட்ட நிறத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். டர்னர் எடுப்பதில் சூரர். ஈரத்தூரிகையால் நனைத்துத் துணியால் ஒற்றி எடுப்பார். ரொட்டித் துண்டால் தேய்த்து எடுப்பதும் அன்றைய பழக்கம்தான். காய்ந்த பிறகு கத்தி முனையாலோ விரல் நகத்தாலோ சுரண்டுவார். இதற்காகவே கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்தார் என்று அவரைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1818ல் அதே ஃபாக்ஸ் வீட்டில் நடந்த ஒரு காலையைப் பற்றி விவரம் கிடைக்கிறது. காலை உணவின்போது ஃபாக்ஸ், ஒரு போர்க்கப்பல் எவ்வளவு பெரிது என்று புரிகிற மாதிரி ஒரு படம் போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். டர்னர் அந்த வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். முதலில் தாள் ஊறிப்போகும் அளவுக்கு நீர்த்த நிறத்தை ஊற்றினார். கிழித்தார், சுரண்டினார், வெறி பிடித்தவர் போலத் தேய்த்தார். எல்லாம் ஒரே குழப்பமாக இருந்தது. மெல்ல மெல்ல, மாயம் போல, கப்பல் அதன் அத்தனை நுணுக்கத்தோடும் எழுந்து வந்தது. மதிய உணவுக்குப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டார். 'சரக்கு ஏற்றும் முதல்தரப் போர்க்கப்பல்' என்ற அந்தப் படம் இன்று பெட்ஃபோர்டு நகரில் ஹிக்கின்ஸ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அதுவும் ஏ3 தாளைவிடக் கொஞ்சம் சிறியதுதான்.

இங்கே என்னை வெகுநாள் குடைந்த கேள்வி: அவ்வளவு ஊற்றி, அவ்வளவு சுரண்டியும் தாள் எப்படித் தாங்கியது? நம் வீட்டுப் பிள்ளைகளின் டிராயிங் நோட்டில் இரண்டு தரம் ஈரத்தூரிகை பட்டாலே நூல் நூலாக எழும்பிவிடுமே. விடை நம்ம ஊர்த் தொழிலில் இருந்தது. அந்தக் காலத் தாள் மரக்கூழ் இல்லை. லினன் கந்தல் துணியை ஊறவைத்து இடித்து, கையால் வார்த்தது. வார்த்த பிறகு தோல், எலும்பிலிருந்து காய்ச்சி எடுத்த ஜெலட்டின் பசையில் முக்கிக் காய வைப்பார்கள். அதற்குப் பெயர் சைசிங். சோமனூர், பல்லடம் பக்கம் சைசிங் மில்லில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதும் இதே வேலைதான். கஞ்சி போட்ட நூல் தறியில் அடிபட்டாலும் அறாது, பிசிறு எழும்பாது. டர்னரின் தாளும் கஞ்சி போட்ட துணிதான். அதனால்தான் நிறம் உள்ளே ஊறாமல் மேலேயே நின்றது, சுரண்டியபோது அடியிலிருந்து சுத்தமான வெள்ளை வந்தது.

இனிப் புத்தகத்தைத் திறந்து, ஒரு படத்தில் வெள்ளை உள்ள எல்லா இடங்களையும் ஒவ்வொன்றாக எடுங்கள். விளிம்பு மெத்தென்று கலைந்திருந்தால் ஒற்றி எடுத்தது. கூர்மையாக, கீறலாக, கொஞ்சம் பிய்ந்த மாதிரி இருந்தால் சுரண்டியது. விளிம்பைச் சுற்றி நிறம் சற்று அடர்ந்து கோடு கட்டியிருந்தால் வாஷ் காயும்போது விட்ட கரை. அந்த இடம் முதலிலேயே விட்டுவைத்தது. வெள்ளை நிறம் படத்தின் மேல் அமர்ந்து, சாம்பல் அல்லது நீலத் தாள் அடியில் தெரிந்தால் அது கலந்து பூசிய ஒளிபுகா வண்ணம், பிரான்ஸ் ஆறுகளைப் பற்றிய படங்களில் நீலத் தாளில் நிறையச் செய்திருக்கிறார். ஒரு படத்தில் இந்த நான்கையும் பிரிக்க எனக்கு முதல் தடவை ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கை எந்த வரிசையில் போனது என்று தெரிந்துவிட்டது.

பிக் கிளாஸை எடுங்கள்

துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ண நாம் வைத்திருக்கும் அதே மடக்கு லென்ஸ். புத்தகப் படத்தின் மேல் வையுங்கள். டர்னர் மறைந்துவிடுவார், நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று நான்கே நிறத்தில் புள்ளிகள் வட்டம் வட்டமாக நிற்கும். அவர் கலந்த ஒரே ஒரு சாம்பலுக்குள் இந்த நான்கும் இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? ஆஃப்செட் அச்சில் மிக மெல்லிய வாஷ் வரும் இடத்தில் புள்ளிகள் ரொம்பச் சின்னதாகி, ஒரு கட்டத்தில் அறவே விழாமல் போகும். அங்கே வானம் திடீரென்று மொட்டை வெள்ளையாக முடிந்துவிடும். மூலத்தில் அப்படி முடிந்திருக்காது, மூச்சு மாதிரி மெல்லக் கரைந்திருக்கும். ஆகவே ஒரு வானத்தில் வெள்ளை சட்டென்று ஆரம்பிக்கும் இடம் தெரிந்தால், அதை டர்னர் கணக்கில் எழுதாதீர்கள்.

ஒரே படம் இரண்டு புத்தகங்களில் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். இரண்டும் இரண்டு ஷேடு. எது சரி என்ற சண்டைக்கு மூன்றாவது சாட்சியாக டேட் அருங்காட்சியகத்தின் இணையதளப் படத்தை வைத்துக்கொள்ளலாம். ஃபோனில் கண்பாதுகாப்பு மஞ்சளை மட்டும் முதலில் அணைத்துவிடுங்கள். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அந்தப் பக்கம் சாய்வதுதான் என் வழக்கம்.

சிவக்கும் வானம், நீலமாகும் பக்கம்

மூலமே மாறிப்போயிருந்தால் என்ன செய்வது? நீர்வண்ணத்தில் இது அடிக்கடி நடந்திருக்கிறது. அந்தக் கால ஓவியர்கள் மேகத்தின் சாம்பலுக்கு அவுரி நீலத்தோடு ஒரு செம்மண் சிவப்பைக் கலப்பார்கள். இந்தியாவிலிருந்து கப்பல் ஏறிப் போன அதே அவுரிதான். வெளிச்சத்தில் தொங்கத் தொங்க அவுரி வெளிறிவிடும், செம்மண் அசையாமல் நிற்கும். 100 வருடம் கழித்து மழைமேகம் இருந்த இடத்தில் செங்கல் நிற வானம்! இங்கிலாந்தில் 1888ல் ரஸ்ஸல், ஏப்னி என்ற இருவர் வெளிச்சம் நீர்வண்ணத்தை என்ன செய்கிறது என்று சோதித்து அறிக்கையே கொடுத்தார்கள். ஹென்றி வான் ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததன் அருமை இப்போது புரியும். ஆகவே அந்தக் காலத்து நீர்வண்ணத்தில் வானம் காரணமில்லாமல் சிவந்து, கீழே தண்ணீரில் அதற்கேற்ற சிவப்பு இல்லாமல் இருந்தால் ஒரு நிமிடம் சந்தேகப்படுங்கள்.

புத்தகப் பக்கத்துக்கு நேர்மாறாக நடக்கும். நான் ஒரு தடவை ஆசையில் ஒரு வெனிஸ் படத்தைப் பக்கத்தோடு வெட்டிச் சட்டம் போட்டு, மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். இரண்டு கோடை தாங்கவில்லை. மஞ்சளும் ரோஸும் போய், வெனிஸ் முழுக்க நீலமாக நின்றது. பஸ் ஸ்டாப்பில் பழைய போஸ்டர்கள் எல்லாம் நீலமாகிக் கிடப்பதும் இதே காரணத்தால்தான். நல்ல புத்தகத்தை வெட்டியது இன்னும் மனதில் உறுத்துகிறது. வெட்டாதீர்கள், திறந்த பக்கத்தை வெயிலில் விட்டுவிட்டும் போகாதீர்கள்.

நிறத்தைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்

ஃபோனில் பக்கத்தைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போன பிறகும் தூரமும் வெளிச்சமும் நிற்கிறதா? நிற்கும். டர்னரே இதில் பெரிய அக்கறை வைத்திருந்தார். 1807லிருந்து 1819 வரை 'லிபர் ஸ்டுடியோரம்' என்று தம் நிலக்காட்சிகளைப் பழுப்பு மையில் அச்சுப் படங்களாக 71 வெளியிட்டார். 1827லிருந்து 1838 வரை 'இங்கிலாந்து, வேல்ஸ் காட்சிகள்' வரிசைக்காக அவர் வரைந்த நீர்வண்ணங்களைச் செதுக்குக் கலைஞர்கள் செம்புத் தகட்டில் கோடு கோடாக வெட்டி 96 படங்களாக அச்சிட்டார்கள். அவர் காலத்து ஜனங்களில் பெரும்பாலோர் டர்னரைப் பார்த்ததே இப்படி அச்சில்தான், அதுவும் நிறமில்லாமல். நம் நிலைமை எவ்வளவோ மேல்.

வானத்தை மட்டும் நகல் எடுங்கள்

வரையத் தெரியாது என்று தாண்டிப் போகாதீர்கள், இது வரைவதற்கான படி இல்லை. கேம்லின் டப்பா, ஒரு தடித்த தூரிகை, கொஞ்சம் கெட்டித் தாள். படத்தின் வானம் மட்டும், 10 நிமிடம் மட்டும். தாளை நனைத்து, மேலே நீலம், கீழே மஞ்சள் விட்டு, இரண்டும் நடுவில் சந்திக்கும்போது பச்சையாகிவிடாமல் காப்பாற்ற முயலுங்கள். முதல் ஐந்து தடவை பச்சையாகத்தான் ஆகும். அப்புறம் புத்தகத்துக்குத் திரும்பினால், டர்னர் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு மெல்லிய ரோஸ் வைத்திருப்பது, அதுவரை கண்ணில் படாதது, பளிச்சென்று தெரியும்.

கடைசியில் மலைக்குப் போங்கள்

டர்னர் 1841ல் லூசர்ன் நகரில் தங்கி, ஏரிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ரிகி மலையைப் பல வேளைகளில் குறித்துக்கொண்டு, 1842ல் நீர்வண்ணங்களாக வரைந்து முடித்தார். அவற்றில் பேர் பெற்றவை மூன்று. நீல ரிகி விடியலுக்குச் சற்று முன். 2007ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி டேட் வாங்கியது. சிவப்பு ரிகி சாயங்காலம், மெல்போர்னில் இருக்கிறது. இருண்ட ரிகி மூன்றாவது. மலை ஒன்றுதான், மாறுவதெல்லாம் வெளிச்சம்.

இதற்கு இணையாக நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியதே இல்லை. ஆனைமலை, வெள்ளிங்கிரி, குருடிமலை. ஒரு மலையை எடுத்துக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று, ஒரு வாரம் காலையும் மாலையும் பாருங்கள். ஃபோட்டோ வேண்டாம். ஒரு நோட்டில் மலை வானத்தைவிடக் கறுப்பா வெளுப்பா, அடிவாரம் தெரிகிறதா பனி மறைத்திருக்கிறதா என்று ஒரு வரி எழுதினால் போதும். தென்மேற்குப் பருவம் தொடங்கிப் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று புகும் ஜூன், ஜூலை இதற்கு நல்ல காலம். மேகம் மலையை அரை மணிக்கு ஒரு தரம் மாற்றி மாற்றி வரையும்.

என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், ஆலாந்துறைப் பக்கம் இருக்கிறார். வாசலில் நின்றால் மேற்கே வெள்ளிங்கிரி. போன முறை போயிருந்தபோது கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ரிகி மலைப் படங்கள் இருந்த பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். முகம் கழுவிவிட்டு வந்தவர் சிவப்பு ரிகியையே பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது வெடியக்காலந்தான?"

"இல்லீங்க அமுச்சி, சாயங்காலம். கீழ எழுதியிருக்குதுங்க."

"எழுதுனவன் தப்பா எழுதியிருப்பான். மலை செவக்கறது வெடியக்காலம் பொழுது கெளம்பும்போது. பொழுதெறங்கறப்ப மலை நீலமாத்தான் இருக்கும். அம்பது அறுவது வருசமா பார்க்கறனே."

அவர் சொன்னது சத்தியம். கிழக்கே எழும் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும்போதுதான் வெள்ளிங்கிரி சிவக்கிறது. மாலையில் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இறங்க, மலை நீல நிழலாக நிற்கிறது. அப்படியானால் படத்தில் ஏன் தலைகீழ்? ஃபோனில் வரைபடத்தைத் திறந்து லூசர்னைத் தேடினேன். ரிகி அந்த ஊருக்குக் கிழக்கே இருந்தது. காலையில் சூரியன் அதற்குப் பின்னாலிருந்து வருகிறது, நீலம். மாலையில் எதிரிலிருந்து அடிக்கிறது, சிவப்பு. இத்தனை வருடம் அந்தப் பக்கத்தைப் புரட்டியும் எனக்கு இது தோன்றியதே இல்லை.

படத்தையும் திசையையும் காட்டிச் சொன்னேன். அமுச்சி புத்தகத்தை வாங்கி மடியில் வைத்து, நீல ரிகியையும் சிவப்பு ரிகியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி வெள்ளிங்கிரியைப் பார்த்தார்.

"அப்ப அந்த மனுசனுக்கு மலை கெழக்கயா இருந்துது," என்றார். "செரி, செரி. அவன் பார்த்தது சரிதான்."